ஒரு டீ ஏலக்காய், ஒரு டீ சுக்கு

பாண்டீஸ்வரி சித்தி எந்தப் பொருளையும் கண்ணால் மட்டும் பார்த்து நம்பமாட்டாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். ரேஷன் கோதுமை, கோயில் திருநீறு, தீபாவளிச் சேலையின் முந்தி, பக்கத்து மனையில் வீடு கட்ட இறக்கிய சிமெண்ட் என்று எதையும் விட்டதில்லை. நான் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். என் பட்டச் சான்றிதழ் வந்த அன்று அதன் ஓரத்தையும் தேய்த்துப் பார்த்தாள். "நல்ல கெட்டியாத்தான் குடுத்திருக்காக ஆத்தா" என்றாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

அவள் எனக்குச் சொந்தச் சித்தி இல்லை. கூடலூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. க.புதுப்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பத்தொன்பது வயதில் சுருளிவேல் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தவள். சித்தப்பா திராட்சைத் தோட்டங்களில் கொடிகளைக் கழித்துக் கவாத்து வெட்டப் போவார். சித்தி முதலில் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனாள். முழங்கால் மடக்கி உட்கார முடியாமல் போன பிறகு, அதே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் சமையல்கட்டு வேலை கிடைத்தது. வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப் போகும் பங்களா அது. காலை ஆறு மணிக்கு ஜீப்பில் ஏறினால் லோயர் கேம்ப் தாண்டி, மலையேறி, கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்கு அந்தப்பக்கம் போய் இறங்குவாள். சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்பி வருவாள். பதினொரு வருடம் அப்படிப் போய் வந்தாள்.

அந்த ஜீப்புக்காக நான் காத்திருந்த நாள்களை இப்போது நினைத்தால், பசியா ஆசையா என்று பிரிக்கத் தெரியவில்லை. சித்தியின் தூக்குவாளியில் உடைந்த பிஸ்கட் இருக்கும். பங்களாவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே சுட்டுக் கொடுக்கும் வெண்ணெய் பிஸ்கட். முழுசாக இருப்பது அவர்களுக்கு, உடைந்தது வேலைக்காரர்களுக்கு. விரல் நீளத்துக்கு வெளுப்பாக இருக்கும். வாயில் வைத்தால் கடிக்க வேண்டாம், தானாக உதிரும். ஏலமும் சுக்கும் பட்டையும் மணக்கும். நானும் சித்தியின் மகள் நதியாவும் துண்டுகளை எண்ணிப் பங்கு பிரிப்போம். நதியா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பெரிய துண்டு எப்போதும் அவளுக்குத்தான் போகும். "எங்கம்மா உடைச்சது" என்பாள். உண்மையிலேயே சித்தி சில நாள் வேண்டுமென்றே உடைப்பாளாம். பிறகொரு நாள் அவளே சொன்னாள்.

அந்த பிஸ்கட்டைச் சுட்டவர் ஜெபராணியம்மா. ராயப்பன்பட்டியில் பிறந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு குமுளியிலேயே தங்கிவிட்டார். பங்களா சமையல்கட்டில் அவர்தான் பெரிய ஆள். சித்தியைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சித்தி அவரைப் பற்றிச் சொல்லாத நாளே கிடையாது. அக்கா இன்னது சொன்னாக, அக்கா இன்னாரைத் திட்டுனாக, அக்கா எனக்கு மீன் எடுத்து வச்சாக என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஆனால் பிஸ்கட் விஷயத்தில் மட்டும் அந்த அக்கா பிடி கொடுக்கமாட்டார்.

"அளவு என்னக்கான்னு கேட்டேன். அளவா? அது கை பாத்துக்கிரும் பாண்டி, நீ வெங்காயத்த உரின்னு சொல்லிட்டாக" என்று சித்தி சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு முடிந்ததும் தன் விரல்களை முகர்ந்து பார்ப்பாள்.

2020 மாசியில் நதியா மசக்கையாகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். எதைத் தின்றாலும் வாந்தி. அந்த உடைந்த பிஸ்கட் மட்டும்தான் வயிற்றில் நின்றது. சித்தி எவ்வளவு கொண்டுவந்தாலும் போதவில்லை. எத்தனையைத்தான் உடைப்பாள்? வீட்டிலேயே சுட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். அளவு வேண்டும். மறுபடி கேட்டால் மறுபடியும் வெங்காயம்தான் உரிக்க வேண்டும்.

சமையல்கட்டில் மைதா டின்னுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் இருக்கும். பங்களாவின் பழைய மேடம் ஊரைவிட்டுப் போகும்போது பிஸ்கட் அளவைத் தன் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனது. எல்லாம் ஆங்கிலம். ஜெபராணியம்மாவுக்கும் படிக்கத் தெரியாது, சித்திக்கும் தெரியாது. பங்குனி பிறந்து ஒரு வாரம், சனிக்கிழமை சாயங்காலம், சித்தி அந்த உறையைத் தூக்குவாளிக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டாள். திங்கள்கிழமை காலையில் இருந்த இடத்தில் வைத்துவிடுவதாகத் திட்டம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"எழுத்துக்கூட்டி இதச் சொல்லு ஆத்தா. காலேசுல இங்கிலீசுதான படிக்கிற" என்று என்னிடம் நீட்டினாள்.

உத்தமபாளையத்தில் அப்போது நான் பி.ஏ. ஆங்கிலம் முதல் வருடம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. கூட்டெழுத்து. ஒரு எழுத்து இன்னொன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு போனது. எண்களும் சில சொற்களும்தான் பிடிபட்டன. கைப்பேசியில் தேடித் தேடி மாவு, வெண்ணெய், சீனி என்று கண்டுபிடித்தேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி தனியாக இருந்தது. அதைப் படிக்கவே முடியவில்லை.

"மேல என்ன போட்ருக்கு?" என்று கேட்டாள் சித்தி.

"தலைப்பு சித்தி" என்றேன்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கல்லூரியில் சேர்ந்த எட்டு மாதத்தில், தெரியவில்லை என்று எங்கள் தெருவில் சொல்வது எனக்குக் கஷ்டமாகிப் போயிருந்தது. பிறகு எனக்குப் புரிந்ததை நோட்டில் ஒரு பக்கம் கிழித்துத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மைதா மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, பொடித்த சீனி ஒரு பங்கு, உப்பு ஒரு சிட்டிகை. அதற்குக் கீழே ஏலக்காய்த்தூள் 1 டீ, சுக்குத்தூள் 1 டீ, பட்டைத்தூள் அரை டீ. டீஸ்பூன் என்று முழுதாக எழுதச் சோம்பல்.

மறுநாள் ஞாயிறு. நாடு முழுக்க ஒருநாள் ஊரடங்கு என்று சொல்லியிருந்தார்கள். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. சித்தி வீட்டில் மட்டும் வேலை மும்முரமாக நடந்தது. மோர்க்காரியிடம் வாங்கிய வெண்ணெய் உருண்டையை ஈரத்துணியில் கட்டிப் பிழிந்து தண்ணீரை எடுத்தாள். மாவில் வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் தேய்த்தாள். பிசையக் கூடாது, உள்ளங்கை படக் கூடாது, பட்டால் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். இதெல்லாம் தாளில் இல்லை, பதினொரு வருடம் வெங்காயம் உரித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தது. அலுமினியக் குண்டாவில் ஆற்றுமணலைக் கொட்டி, நடுவில் ஒரு வளையத்தை வைத்து, சின்னத் தீயில் அரைமணி நேரம் காய விட்டாள். மாவைத் தட்டில் பரப்பி, விரல் விரலாக வெட்டி, கழுவிய ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி ஓட்டை போட்டாள். தட்டைக் குண்டாவுக்குள் இறக்கி மூடி, மூடிமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள்.

மணம் வந்தபோதே எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. பழைய மணம்தான், ஆனால் அதற்குள் வேறொன்றும் இருந்தது. திறந்து பார்த்தால் பிஸ்கட் முழுக்கக் கறுப்புப் புள்ளி.

"எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்கே சித்தி."

"டீத்தூளு ஆத்தா."

"டீத்தூளா? எதுக்கு?"

"எதுக்கா? சீனி இருக்கு, ஏலம் இருக்கு, சுக்கு இருக்கு, பட்டை இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல டீ, டீ, டீன்னு எழுதிருக்க. டீத்தூளு எம்புட்டுன்னு மட்டும் காணோம். சரி, பிள்ள அவசரத்துல விட்ருச்சுன்னு நானே சலிச்சு ரெண்டு கரண்டி போட்டேன்."

"அது டீஸ்பூன் சித்தி. டீக்கரண்டி."

சித்தி என்னையும் அந்தக் கிழிந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "முழுசா எழுதக் கையி வலிக்குதாக்கும்" என்றாள்.

நதியா ஒன்றை எடுத்துக் கடித்தாள். கொஞ்ச நேரம் மென்றாள். "அம்மா, இது அது இல்ல" என்றாள். சித்தியின் முகம் வாடியது. "ஆனா இன்னொண்ணு குடு" என்றாள் நதியா.

உண்மையில் அது நன்றாக இருந்தது. முதலில் வெண்ணெயும் சீனியும் தெரியும். அது கரைந்து போன பிறகு ஏலமும் சுக்கும் எழும். கடைசியில் தேயிலையின் துவர்ப்பு நாக்கில் தங்கி, அடுத்ததை எடு என்று சொல்லும். சுருளிவேல் சித்தப்பா மட்டும் பழக்கதோஷத்தில் டீ டம்ளருக்குள் முக்கினார். முக்கிய கையோடு பாதி உடைந்து உள்ளே போனது. கரண்டியால் துழாவினார், ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஏண்டி, டீக்குள்ளயே டீயப் போட்டு எனக்கே விக்கிறியா?"

"ஒங்களுக்குக் கல்லு மாதிரி பன்னுதான் லாயக்கு. கொடுத்தத வைங்க அங்கன" என்றாள் சித்தி.

அன்று நாங்கள் சிரித்த சிரிப்புக்கு நடுவில், அந்த உறை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. திங்கள்கிழமை ஜீப் வரவில்லை. செவ்வாய் ராத்திரி எல்லாம் மூடப்பட்டது. குமுளிச் சோதனைச்சாவடியில் தடுப்பு போட்டார்கள். மலைக்குப் போகிற எந்த வண்டியும் லோயர் கேம்ப் தாண்டவில்லை. தாள் இந்தப் பக்கம், அதற்கு உரியவர் அந்தப் பக்கம்.

சித்திரையில் ஜெபராணியம்மாவிடமிருந்து போன் வந்தது. நான் சித்தி வீட்டில் நதியாவோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தேன். சித்தி போனைச் சத்தமாக வைத்துத் தரையில் வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்தாள்.

"பங்களாவப் பூட்டிட்டாங்க பாண்டி. நம்ம சாமானெல்லாம் எடுத்துக்கிடச் சொன்னாங்க. மாவு டின்னுக்கு அடியில ஒரு தாளு வச்சிருந்தேன். பாத்தியா?"

சித்தியின் கை கீரைக்கட்டில் நின்றது. "எந்தத் தாளுக்கா?"

"மேடம் எனக்கு எழுதிக் குடுத்தது. பிஸ்கட் அளவு."

"பாக்கலையேக்கா" என்றாள் சித்தி.

"அளவு கிடக்கட்டும், அது எனக்குத் தெரியும். மேல என் பேரு போட்டிருக்கும் பாண்டி. போறப்ப மேடம் வாசிச்சுக் காட்டுனாங்க. எனக்குப் படிக்க வராதுன்னாலும் என் பேரு எங்கன இருக்குன்னு தெரியும். அப்பப்ப எடுத்துப் பாப்பேன். எங்க போச்சுன்னே தெரியலை கேட்டியா."

போன் வைக்கப்பட்ட பிறகு சித்தி என்னைப் பார்த்தாள். "தலைப்புன்ன" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் உறையை எடுத்து அந்த முதல் வரியோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து நோட்டில் எழுதிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் படித்துவிட்டேன். முதல் நாளே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் படித்திருப்பேன். 'இந்தத் தாள் ஒருநாளும் தேவைப்படாத ஜெபராணிக்கு' என்று இருந்தது.

தமிழில் சொன்னேன். சித்தி இரண்டாம் தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். "நான் பங்களாத் தாளுன்னு நெனச்சேன். அவுக தாளா இது" என்றாள்.

"இப்பவே போன் பண்ணிச் சொல்லிருங்க சித்தி."

"போன்ல சொல்ற விசயமா? பாக்கலைன்னு இப்பத்தான சொன்னேன். வழி திறக்கட்டும். நேர்ல போயி கையில குடுத்து, காலுல விழுந்துர்றேன். அக்கா ரெண்டு வசவு வைவாக. வாங்கிக்கிறேன்."

வழி திறக்க மாதங்கள் ஆயின. சித்தி வாரம் ஒரு தரம் போன் செய்தாள். தாளைப் பற்றி ஜெபராணியம்மா மறுபடி பேசவில்லை. ஆனால் ஒரு மாற்றம் வந்தது. பதினொரு வருடமாகப் 'பாண்டி' என்று கூப்பிட்டவர் 'பாண்டீஸ்வரி' என்று முழுப்பெயர் சொல்ல ஆரம்பித்தார். அந்த முழுப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் சித்தி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிப்பாள்.

ஆவணியில் நதியாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அதற்குள் டீ பிஸ்கட் எங்கள் தெரு முழுக்கப் பரவியிருந்தது. எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம், யார் வீட்டில் என்ன மணம் வந்தாலும் தெருவுக்கே தெரியும். சித்தி தட்டுத் தட்டாகச் சுட்டுக் கொடுத்தாள். பழனிசெட்டிபட்டியில் கடை வைத்திருக்கும் நதியாவின் கொழுந்தன் விஜயபாண்டி, பிள்ளையைப் பார்க்க வந்த இடத்தில் நாலு பிஸ்கட் தின்றுவிட்டு, பாக்கெட் போட்டு விற்கலாம் என்றான்.

"அது என்னோடது இல்லப்பா" என்றாள் சித்தி.

"பின்ன யாரோடது? சீனாக்காரனோடதா? ஊருக்கே நீங்கதான அத்தை குடுக்குறீக."

"குடுக்கிறது வேற, விக்கிறது வேற" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். விஜயபாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் நதியாவுக்கும் புரிந்தது.

2021 தை மாதம் ஒரு வழியாக நானும் சித்தியும் குமுளிக்குப் போனோம். அனுமதிச் சீட்டை நான்தான் கைப்பேசியில் எடுத்தேன். எங்கள் பக்கத்து பஸ் எல்லை வரை போய் நின்றது. இறங்கி நடந்து கடந்தோம். சித்தி முதல் நாள் சுட்ட பிஸ்கட்டை எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி எடுத்து வந்திருந்தாள். துணிப்பையில் டப்பாவுக்கு அடியில் அந்த உறை இருந்தது. பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். முதலில் பிஸ்கட் கொடுப்பது, தின்னச் சொல்வது, பிறகு தாளை எடுத்து மடியில் வைப்பது, பிறகு காலில் விழுவது. "நீ பக்கத்துலயே நில்லு. நான் பேச்ச மறந்தாலும் நீ எடுத்துக் குடுத்துரு" என்றாள்.

ஜெபராணியம்மா அப்போது குமுளியில் ஒரு பெண்கள் விடுதியில் சமைத்துக்கொண்டிருந்தார். பின்வாசல் வழியாகப் போனோம். அவரை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். குள்ளமாக, இறுக்கிப் போட்ட கொண்டையோடு, கைகள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருந்தார்.

"வா பாண்டீஸ்வரி. இது யாரு, பக்கத்து வீட்டுப் பிள்ளையா? இரிக்கு மோளே" என்று எனக்கு ஸ்டூலைத் தள்ளினார். பால் ஊற்றாத கட்டஞ்சாயா போட்டுத் தந்தார். பேத்தி பிறந்ததைக் கேட்டார். எல்லாம் கேட்டார், சித்தியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

சித்தி டப்பாவைத் திறந்து நீட்டினாள். "வீட்டுல சுட்டதுக்கா. தின்னு பாருங்க."

விரல் விரலாக வெட்டியிருந்ததைக் கண்டதும் ஜெபராணியம்மாவின் கண் சுருங்கியது. ஒன்றை எடுத்தார். உடைத்தார். உடைந்த இடத்தை முகர்ந்தார். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சித்தி என் கையைப் பிடித்தாள்.

"இதுல டீத்தூளப் போடச் சொன்னது யாரு?" என்று கேட்டார் ஜெபராணியம்மா.

"நானாத்தான் போட்டேன்க்கா."

"ஏலமும் சுக்கும்?"

"அதுவும் கெடக்கு."

"டீக்கு என்னென்ன போடுவோமோ அத்தனையும் பிஸ்கட்டுல போட்டுட்ட" என்று சொல்லி, ஜெபராணியம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து முந்தானையால் துடைத்தார். இரண்டாவதை எடுத்தார். "மேடத்தோட பிஸ்கட்டுல டீத்தூளு கிடையாது பாண்டி. இது அது இல்ல. இது நீயே கண்டுபிடிச்சது."

சித்தி வாயைத் திறந்தாள். அதற்குள் ஜெபராணியம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எம்மேல ஒரு குத்தம் இருக்கு. சொல்லிர்றேன். அந்தத் தாள நீதான் எடுத்துட்டன்னு இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன். அளவு கேட்டு நச்சரிச்சவ நீ ஒருத்திதான. உம்பேரச் சொல்லிச் செபத்துல கூட வைஞ்சிருக்கேன். அந்தத் தாள வச்சுச் சுட்டிருந்தா இப்புடியா சுட்டிருப்ப? பதினொரு வருசம் கூட இருந்தவளப் போயி சந்தேகப்பட்டேனே. மனசுல வச்சுக்கிடாத பாண்டி. என்ன மன்னிச்சிரு."

சித்தியின் வலது கை துணிப்பைக்குள் போனது. பார்த்துக்கொண்டே இருந்தேன். உறையின் பிளாஸ்டிக் சரசரத்தது எனக்குக் கேட்டது. கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. வெளியே வந்தபோது அதில் டப்பாவின் மூடி மட்டும் இருந்தது.

"அதெல்லாம் விடுங்கக்கா" என்றாள்.

எடுத்துக் கொடு என்று என்னிடம் சொல்லியிருந்தாள். பை என் காலடியில்தான் இருந்தது. நான் சாயாவைக் குடித்து முடித்தேன்.

திரும்பி வருகையில் பஸ் வளைவுகளில் இறங்க இறங்க, சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தாள். பெரிய தண்ணீர்க்குழாய்கள் தெரியும் வளைவு தாண்டியதும் பேசினாள். "எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாக ஆத்தா. கேட்டுட்டு எம்புட்டு லேசாச் சிரிச்சாக பாத்தியா. அந்தச் சிரிப்ப எப்புடி நான் புடுங்குறது?"

"ஆனா தாளு அவுகளுது சித்தி."

"தாளு மட்டுமா? இப்ப அந்த மன்னிப்பும்ல எங்கிட்ட கெடக்கு. நான் கேக்க வேண்டியத அவுக கேட்டுட்டாக."

வீட்டுக்கு வந்ததும் உறையை என்னிடம் தந்துவிட்டாள். "நீயே வச்சிரு. எங்கிட்ட இருந்தா எங்கன வச்சாலும் கண்ணுல படுது. அடுத்த தடவை போறப்ப வாங்கிக்கிறேன்." நான் அதை என் சான்றிதழ் ஃபைலில் வைத்தேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், பிறகு ஜெபராணியம்மாவின் தாள். ஒரு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் அதில் நின்று, "இது என்னம்மா?" என்றார். "அது தவறி வந்துருச்சு சார்" என்றேன். அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கும் தாளுக்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்த தடவை என்பது பல தடவை வந்தது. சித்தி குமுளிக்கு மூன்று முறை போனாள். ஒவ்வொரு முறையும் உறையைக் கேட்டு வாங்கிப் போவாள், திரும்பி வந்து நீட்டுவாள். ஒருமுறை ஜெபராணியம்மாவுக்குக் கால் வீங்கியிருந்ததாம், அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது என்றாள். ஒருமுறை அவர் மகனுக்குப் பெண் பார்த்திருந்ததாம், நல்ல காரியத்துக்கு நடுவில் எதற்கு என்றாள். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஜெபராணியம்மா கேக் கொடுத்தனுப்பினார். கேக் வந்த நாள்களில் சித்தி வாயில் ஒரு துண்டு போட்டுக்கொண்டு, "நம்ம மேல அம்புட்டுப் பிரியம் வச்சிருக்காக" என்பாள். சாப்பிடும்போது முகம் அழுவது போல இருக்கும்.

அவள் திருடியதாக நான் ஒருநாளும் நினைக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி மகளுக்காக இரண்டு நாள் இரவல் எடுத்தாள், அவ்வளவுதான். ஆனால் இரவல் என்று சொல்ல, கேட்டு வாங்கியிருக்க வேண்டும். நானும் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அன்று ராத்திரியே யாராவது ஒரு டீச்சரிடம் காட்டியிருப்போம். பெயரைக் கண்டதும் சித்தி நடுங்கிப் போய் விடிந்ததும் ஏதாவது வண்டி பிடித்துக் கொண்டுபோய் வைத்திருப்பாள். இப்படி யோசிக்கும்போது பங்கு பிரித்த உடைந்த துண்டுகள்தான் ஞாபகம் வருகின்றன. இதில் பெரிய துண்டு என்னுடையதோ என்று தோன்றும்.

2024 கார்த்திகையில் சித்திக்குக் காய்ச்சல் கண்டது. சர்க்கரை ஏற்கெனவே இருந்தது. மூன்றாம் நாள் க.விலக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஐந்தாம் நாள் போய்விட்டாள். ஐம்பது வயதுகூட முடியவில்லை. கடைசியில் அவள் என்னிடம் தாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேத்திக்குத் தடுப்பூசி போட்டாச்சா என்றுதான் கேட்டாள்.

பதினாறாம் நாள் ஜெபராணியம்மா வந்தார். மகன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். ஜெபராணியம்மா எங்கள் தெருப் பெண்களுக்கு சித்தியைப் பற்றிச் சொன்னார்.

"பதினொரு வருசம் ஒரே அடுப்புல நின்னோம். ஏலக்காத் தோட்டத்துக்கு நடுவுல இருக்கோம், ஒரு ஏலக்கா மடியில கட்டியிருப்பாளா? அவளப் போயி நான் ஒரு தடவ தப்பா நெனச்சேன். கேட்டியாம்மா, நான் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். விடுங்கக்கான்னுட்டா. அம்புட்டுத்தான். வேற ஒருத்தின்னா வருசம் பூரா சொல்லிக் காட்டுவா."

நதியா எழுந்து உள்ளே போனாள். நான் எழவில்லை. எழுந்தால் ஃபைல் இருக்கும் இடத்துக்குத்தான் போவேன் என்று பயமாக இருந்தது.

கிளம்பும்போது ஜெபராணியம்மா வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். "அவ அந்த டீ பிஸ்கட் சுடுறப்பல்லாம் நீ பக்கத்துல இருப்பியாமே கண்ணு. பாண்டி சொல்லுவா."

"ஆமா பெரியம்மா."

"எனக்கு அளவு எழுதிக் குடு. விடுதிப் பிள்ளைகளுக்கு அவ ஞாபகமாச் சுட்டுக் குடுக்கணும். தமிழ்லயே எழுது, என் மருமக வாசிச்சுச் சொல்லுவா. யாரோட பிஸ்கட்டுன்னு மேல அவ பேரையும் போட்டுரு."

எழுதித் தருகிறேன் என்றேன்.

மூன்று தரம் உட்கார்ந்தேன். மாவு மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு, சீனி ஒன்று, ஏலம், சுக்கு, பட்டை. வாசித்துக் காட்டுகிறவள் இரண்டாம் வரி தாண்டும் முன்பே, இது தன் தாளின் அளவேதான் என்று ஜெபராணியம்மாவுக்குத் தெரிந்துவிடும். மாற்றி எழுதினால் பிஸ்கட் வராது, அதோடு அது இரண்டாவது பொய். தாளையே உறையோடு அனுப்பிவிட்டால் என் பாரம் இறங்கும், ஆனால் பந்தலில் அத்தனை பேர் முன்னால் சொன்னாரே, அந்தப் பேச்சை அவர் தனியாகத் திரும்ப விழுங்க வேண்டும். அப்படி அவரை விழுங்க வைக்க எனக்கு உரிமை இல்லை என்று ஒருநாள் தோன்றுகிறது. மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று மறுநாள் தோன்றுகிறது. நதியாவிடம் கேட்டால், "நீ படிச்சவ, நீயே முடிவு பண்ணு" என்கிறாள்.

தை போய், மாசி போய், பங்குனியும் முடிந்துவிட்டது. நேற்று மறுபடி போன் வந்தது.

"எழுதிட்டியா கண்ணு?"

"எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன் பெரியம்மா" என்றேன்.